பெரிபெரி முதல் இனிப்பு நீர் வரை: நோயின் காரணத்தை எண்ணிக்கை எப்படிக் காட்டிக்கொடுக்கிறது?

செகிஞ்சான் – சிலாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற ஊர் செகிஞ்சான். இங்கிருந்து தெற்கே தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வரை ரப்பரும் செம்பனையும் வளர்ந்த தோட்டங்களில் பல தலைமுறைகளாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் அன்றாடச் சோறுதான் பிரதான உணவு. மருத்துவ ஆராய்ச்சியில் எண்ணிக்கையும் கணக்கும் எப்படிப் பயன்படுகின்றன என்பதைப் புரிந்துகொள்ள இந்தச் சோற்றைவிட நல்ல பாடம் வேறில்லை. ஏனெனில், உலக மருத்துவ வரலாற்றில் பேசப்படும் ஓர் அரிசிச் சோதனை ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்கு முன்னர் கோலாலம்பூரில் நடந்தது. அந்தச் சோதனையில் வென்றது தமிழர் வீட்டுப் புழுங்கல் அரிசி.

"இதைச் சாப்பிட்டால் ஆபத்து 61 விழுக்காடு கூடும்", "செயற்கை நுண்ணறிவு நோயை முன்கூட்டியே சொல்லிவிடும்" என்ற செய்திகள் இன்று தினமும் கைப்பேசிக்கு வருகின்றன. எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்று பலருக்குக் குழப்பம். அந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று தெரிந்தால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

இனமா, அரிசியா?

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவை அச்சுறுத்திய நோய்களில் ஒன்று பெரிபெரி. முதலில் கால் மரத்துப்போகும். பிறகு நடக்க முடியாது. சிலருக்கு உடல் வீங்கும். இறுதியில் இதயம் செயலிழந்து உயிர் போகும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களும் சிறைக் கைதிகளும் பெருமளவில் மாண்டார்கள்.

அக்காலத்து மருத்துவர்கள் கவனித்த ஒரு விசித்திரம் இது: அதே நாட்டில், அதே மழையிலும் வெயிலிலும் உழைத்த தமிழர்களுக்கு இந்நோய் மிக அரிதாகவே வந்தது. கிராமத்து மலாய்க்காரர்களுக்கும் அப்படியே. "தமிழர் உடம்பு வேறு, சீனர் உடம்பு வேறு" என்று முடிவு கட்டியிருந்தால் விஷயம் அத்துடன் முடிந்திருக்கும்.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் அப்படி விடவில்லை. யார் எந்த அரிசியை உண்கிறார்கள் என்று பார்த்தார். சுரங்கத் தொழிலாளர்கள் சயாமிலிருந்து வந்த, நன்கு தீட்டிய வெள்ளைப் பச்சரிசியை உண்டார்கள். தமிழர்கள் இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசியை உண்டார்கள். கிராமத்து மலாய்க்காரர்கள் வீட்டிலேயே அவ்வப்போது நெல் குத்திச் சமைத்தார்கள். நோய் இனத்தைப் பார்த்து வரவில்லை, அரிசியைப் பார்த்து வருகிறது என்று பிராடன் வாதிட்டார். 1907இல் இதைப் பெரிய நூலாகவே வெளியிட்டார்.

ஆனால் பலர் ஏற்கவில்லை. அவர்கள் கேட்ட கேள்வியிலும் நியாயம் இருந்தது. சுரங்கத்துக் கொங்சியும் தோட்டத்து லயமும் ஒன்றல்ல. வேலை வேறு, தண்ணீர் வேறு, பிற உணவுகள் வேறு. இத்தனை வேறுபாடுகள் இருக்கும்போது, காரணம் அரிசிதான் என்று எப்படித் தனியே பிரித்துச் சொல்ல முடியும்?

இன்றும் மருத்துவப் புள்ளியியலின் மையச் சிக்கல் இதுதான். இரண்டு விஷயங்கள் சேர்ந்தே வந்தால், எது காரணம், எது வெறும் கூட வந்த துணை என்று கண்டுபிடிக்க வேண்டும். நெல் வயலில் நாரைகள் கூடும் மாதத்தில் ஊரில் காய்ச்சலும் கூடினால், நாரைதான் காய்ச்சலைக் கொண்டுவந்தது என்று யாரும் சொல்வதில்லை. இரண்டுக்கும் பின்னால் மழையும் தேங்கிய நீரும் இருக்கலாம்.

ஒற்றைப்படைக்கு ஒரு வார்டு, இரட்டைப்படைக்கு ஒரு வார்டு

இந்த முடிச்சை அவிழ்க்க முனைந்தவர் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர். அரிசிக்கும் பெரிபெரிக்கும் தொடர்பே இல்லை என்றுதான் அவர் முதலில் எண்ணியிருந்தார். 1905இல் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் பெரிபெரி பரவிப் பலர் இறந்தனர். அந்த ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், காப்பகத்தில் இருந்தவர்கள் அனைவரையும் உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, இடமிருந்து எண்ணினார்கள். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் முற்றத்தின் கிழக்கு வார்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு வழக்கமான சயாம் பச்சரிசி. இரட்டைப்படை எண் வந்தவர்கள் மேற்கு வார்டுக்குப் போனார்கள். அவர்களுக்குப் புழுங்கல் அரிசி. மற்ற உணவெல்லாம் இரு தரப்புக்கும் ஒன்றே.

1906ஆம் ஆண்டின் இறுதிவரை கணக்கு எடுக்கப்பட்டது. பச்சரிசி உண்ட 120 பேரில் 30க்கும் மேற்பட்டோருக்குப் பெரிபெரி கண்டது. 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் இருவருக்கு மட்டுமே நோய் இருந்தது. அந்த இருவரும் காப்பகத்துக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். பெரிபெரியால் இறந்தவர் ஒருவருமில்லை.

நோய் அரிசியில் இல்லை, கிழக்கு வார்டின் சுவரிலோ தரையிலோ இருக்கிறதோ என்ற ஐயம் வரக்கூடும். அதற்காக இடையில் இரு தரப்பினரின் வார்டுகளும் மாற்றப்பட்டன. நோய் இடத்தோடு தங்கவில்லை. பச்சரிசி உண்டவர்களோடேயே நகர்ந்தது. 1907இல் இந்த முடிவு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது.

அடுத்து, 1900இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானில் சாலை போட வந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதைச் சோதித்தார்கள். அங்கும் வெள்ளை அரிசி உண்டவர்களிடமே நோய் வந்தது. அவர்களுக்குப் புழுங்கல் அரிசி கொடுத்ததும் நின்றது.

காரணம் பின்னர் தெளிவானது. நெல்லின் தவிட்டில் தயமின் என்ற வைட்டமின் பி1 இருக்கிறது. பச்சை நெல்லைத் தீட்டும்போது தவிட்டோடு அதுவும் போய்விடுகிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அந்தச் சத்து தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி தங்கிவிடும். தமிழரைக் காத்தது அவர்களின் இரத்தமல்ல, பாட்டி நெல் அவித்த அண்டா. தயமின் தனியே பிரித்தெடுக்கப்பட்டது 1926இல்தான். அதாவது, சத்தின் பெயர் தெரிவதற்கு 20 ஆண்டுகள் முன்பே வெறும் எண்ணிக்கை காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

தற்செயலாக இருக்கலாமே?

18 பேர் ஒரு பக்கம் இறந்து, மறுபக்கம் ஒருவரும் இறக்காதது தற்செயலாகவும் நடந்திருக்கலாமே என்று கேட்பது தவறில்லை. புள்ளியியல் வேலை தொடங்குவதே அந்தக் கேள்வியில்தான்.

அரிசிக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்படியானால் இறந்த ஒவ்வொருவரும் கிழக்கு வார்டில் இருந்திருக்கவும் மேற்கு வார்டில் இருந்திருக்கவும் ஏறத்தாழ சம வாய்ப்பு உண்டு. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதைப் போல. 18 முறை சுண்டி 18 முறையும் தலையே விழ எவ்வளவு வாய்ப்பு? 262,144இல் ஒன்று.

கணினி இருந்தால் இதையே இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். 243 சீட்டுகளை எடுத்து 18 சீட்டுகளுக்குச் சிவப்பு மை பூசுங்கள். நன்றாகக் குலுக்கி, 120 சீட்டுகளை ஒரு பெட்டியிலும் மீதி 123ஐ இன்னொரு பெட்டியிலும் போடுங்கள். 18 சிவப்புச் சீட்டுகளும் முதல் பெட்டியிலேயே விழுந்தனவா என்று பாருங்கள். கையால் செய்தால் ஒரு நாளில் சில நூறு முறை குலுக்கலாம். கணினி சில நொடிகளில் 10 லட்சம் முறை குலுக்கிவிடும். அத்தனை முறை குலுக்கினாலும் ஒன்றிரண்டு முறைதான் எல்லாச் சிவப்பும் ஒரே பெட்டியில் விழும். எனவே 'தற்செயல்' என்ற விளக்கத்தைத் தள்ளிவிடலாம்.

இன்று உயிரியல், மருத்துவ ஆய்வுகளில் பயன்படும் பல பெரிய கணினி முறைகளுக்கு அடியில் இருப்பது இந்தக் குலுக்கல்தான். 243 சீட்டுகளுக்குப் பதிலாக லட்சக்கணக்கான மரபணு இடங்களும் ஸ்கேன் படங்களும் இருக்கும். கேள்வி மாறுவதில்லை: ஒன்றும் நடக்காதிருந்தாலே இப்படி ஓர் எண் வந்திருக்குமா?

இதில் ஒரு பொறியும் உண்டு. ஒரே ஒரு கேள்வி கேட்டு, லட்சத்தில் ஒரு வாய்ப்புள்ள விடை வந்தால் அது பெரிய செய்தி. லட்சம் கேள்விகள் கேட்டு அதில் ஒன்றுக்கு அப்படி விடை வந்தால் அது செய்தியே இல்லை. லட்சம் பேர் சீட்டு வாங்கினால் யாரோ ஒருவருக்குப் பரிசு விழத்தான் செய்யும். அதனால்தான் பல ஆயிரம் மரபணுக்களை ஒரே நேரத்தில் சோதிக்கும் ஆய்வாளர்கள் மிகக் கடுமையான அளவுகோலை வைத்துக்கொள்கிறார்கள். கிடைத்த முடிவை வேறொரு மக்கள் குழுவிடம் மறுபடியும் சோதித்துப் பார்க்கிறார்கள்.

சென்னை காட்டிய வழி

ஃபிளெட்சரின் ஒற்றை-இரட்டை முறையிலும் ஒரு ஓட்டை இருந்தது. அடுத்து வருபவர் எந்தப் பக்கம் போவார் என்பது முன்கூட்டியே தெரியும். நோயாளி மேல் இரக்கப்பட்டோ, தன் கருத்தை நிரூபிக்கும் ஆசையிலோ, மருத்துவர் ஆளை மாற்றி நிறுத்த முடியும். இதை அடைக்க வந்ததுதான் குலுக்கல் முறை. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவரும் முன்கூட்டி அறியாதபடி குருட்டாம்போக்கு எண்கள் தீர்மானிக்கும். 1948இல் பிரிட்டனில் ஸ்டிரெப்டோமைசின் மருந்தைக் காசநோய்க்குச் சோதித்தபோது இம்முறை புகழ்பெற்றது.

தமிழ் மண்ணில் இதன் பெரிய வெற்றி சென்னையில் நிகழ்ந்தது. காசநோய் கண்டவரை மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்கவைத்து, நல்ல உணவும் ஓய்வும் கொடுக்க வேண்டும் என்பதே அன்றைய நம்பிக்கை. ஏழை நாடுகளில் அத்தனை படுக்கைகளுக்கு எங்கே போவது? 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி சானடோரியத்தில். மறுபாதி நெரிசலான தங்கள் சொந்த வீடுகளிலேயே. மருந்து இருவருக்கும் ஒன்றே. ஓராண்டு முடிவில் இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தன. வீட்டில் இருந்த நோயாளியால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. 1959இல் வெளியான அந்த முடிவுக்குப் பிறகு, காசநோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகம் ஏற்றது. இன்று மலேசியாவில் காசநோய் மருந்தை கிளினிக்கில் வாங்கி வீட்டிலிருந்தே குணமாகிறவர்கள், அந்த 193 பேருக்கும் கடன்பட்டவர்கள்.

கேட்காமல் நடந்த சோதனை

கோலாலம்பூர் காப்பகத்தில் இறந்த 18 பேரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. மனநோயாளிகள் என்பதால் மறுத்துப் பேசும் நிலையிலும் அவர்கள் இல்லை. அவர்களுடைய மரணத்தால் பின்னர் பல்லாயிரம் பேர் பிழைத்தார்கள் என்பது உண்மை. அதற்காக அது சரியாகிவிடாது.

இன்றைய விதிகள் வேறு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த நியூரம்பெர்க் நெறிகளும், 1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி பிரகடனமும், ஆய்வில் சேர்பவரின் சம்மதத்தைக் கட்டாயமாக்கின. மலேசிய சுகாதார அமைச்சிலும் ஆய்வுகளை அலசி அனுமதிக்கும் நெறிமுறைக் குழு உண்டு. யாரும் எந்த நேரத்திலும் "எனக்கு வேண்டாம்" என்று விலகலாம். அதனால் சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது.

இங்கும் புள்ளியியல் உயிர் காக்கிறது. பெரிய மருந்துச் சோதனைகளில் ஆய்வோடு நேரடித் தொடர்பில்லாத ஒரு குழு இடையிடையே எண்ணிக்கையைப் பார்க்கும். ஒரு தரப்பு தெளிவாக மோசமாகிறது என்று கணக்கு காட்டினால், ஆண்டு முடியும்வரை காத்திருக்காமல் சோதனையை நிறுத்திவிடலாம். அத்தகைய கண்காணிப்பு 1906இல் இருந்திருந்தால், முதல் சில மரணங்களுக்குப் பிறகே கிழக்கு வார்டின் அரிசி மாறியிருக்கும்.

மறுபடியும் அரிசி, இம்முறை இனிப்பு நீர்

பெரிபெரி போய்விட்டது. இன்று தோட்டத்தை விட்டு நகர்ந்த தமிழ்க் குடும்பங்களின் வீட்டுக்கு வீடு பேசப்படும் நோய் இனிப்பு நீர். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 30 விழுக்காட்டுக்கும் மேல். "நம்ம ஆளுங்களுக்கு இது இரத்தத்திலேயே இருக்கு" என்ற பேச்சு திருமண விருந்திலும் துக்க வீட்டிலும் கேட்கிறது. இது 120 ஆண்டுகளுக்கு முன் கேட்ட அதே கேள்விதான். இனமா, வேறொன்றா?

2020இல் 'டயபெடிஸ் கேர்' இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. மலேசியா உட்பட பல நாடுகள் பங்கேற்ற 'பியூர்' ஆய்வின் ஒரு பகுதி அது. சென்னையின் நீரிழிவு ஆய்வாளர்கள் அதில் முன்னின்றார்கள். 21 நாடுகளைச் சேர்ந்த 132,373 பேரைச் சராசரியாக ஒன்பதரை ஆண்டுகள் தொடர்ந்தார்கள். அவர்களில் 6,129 பேருக்குப் புதிதாக நீரிழிவு வந்தது. நாளுக்கு 450 கிராமுக்கு மேல், அதாவது சுமார் மூன்று கப் வெள்ளை அரிசிச் சோறு உண்டவர்களை, 150 கிராமுக்கும் குறைவாக உண்டவர்களோடு ஒப்பிட்டார்கள். ஒட்டுமொத்தமாக ஆபத்து 20 விழுக்காடு கூடியிருந்தது. தெற்காசியாவில் 61 விழுக்காடு. சீனாவில் குறிப்பிடத்தக்க உயர்வு தெரியவில்லை.

இந்த எண்களை எப்படிப் படிக்க வேண்டும்?

முதலாவது, 61 விழுக்காடு கூடுதல் என்றால் 100 பேரில் 61 பேருக்கு நோய் வரும் என்று பொருளல்ல. எடுத்துக்காட்டாக, குறைவாகச் சோறு உண்ணும் 100 பேரில் 5 பேருக்கு நோய் வரும் என்றால், அதிகமாக உண்ணும் 100 பேரில் ஏறத்தாழ 8 பேருக்கு வரும். ஐந்து எட்டாவது சிறிய விஷயமல்ல. ஆனால் அலறவும் தேவையில்லை. "இத்தனை விழுக்காடு கூடும்" என்ற செய்தியைப் பார்த்தால் "எதிலிருந்து எதற்கு?" என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, இங்கே யாரும் ஆட்களை ஒற்றை இரட்டையாகப் பிரித்துச் சோறு போடவில்லை. அவரவர் விரும்பியதை உண்டார்கள், ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அதிகம் சோறு உண்பவர் ஏழையாக இருக்கலாம், காய்கறி குறைவாக வாங்கலாம், வயது கூடியவராக இருக்கலாம். எனவே வயது, எடை, உடலுழைப்பு, புகைப்பழக்கம் போன்றவை ஒத்திருப்பவர்களை ஒப்பிடுவதுபோல் கணினி கணக்கைச் சரிசெய்கிறது. இது மிகவும் உதவும். ஆனால் அளக்காத ஒன்றைச் சரிசெய்ய எந்தக் கணினியாலும் முடியாது. அதனால்தான் இத்தகைய ஆய்வுகள் "தொடர்பு இருக்கிறது" என்று சொல்லுமே தவிர, "இதுதான் காரணம்" என்று ஃபிளெட்சர் அளவுக்கு அடித்துச் சொல்வதில்லை.

மூன்றாவது, சீனாவில் ஆபத்து கூடவில்லை என்ற முடிவையும் ஒதுக்கிவிடக் கூடாது. சோறு மட்டுமே குற்றவாளி என்றால் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி விளைவு இருந்திருக்கும். சோற்றோடு என்ன உண்கிறோம், உண்ட பிறகு உடல் என்ன வேலை செய்கிறது என்பதெல்லாம் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன போலும்.

நான்கு கேள்விகள், 100 புள்ளிகள்

பெரிய கணக்கு சாதாரண மனிதரின் கைக்கு எட்டும் கருவியாக மாறிய கதை சென்னையில் உண்டு. சென்னை நகரில் 26,001 பேரிடம் நடந்த ஆய்வின் அடிப்படையில், டாக்டர் வி. மோகனின் குழு 2005இல் 'இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்' என்ற ஒன்றை வெளியிட்டது. எந்தெந்தக் காரணிகள் நோயோடு எவ்வளவு நெருங்கி வருகின்றன என்று கணினி எடைபோட்டது. கடைசியில் இரத்தம் எடுக்காமலே பதில் சொல்லக்கூடிய நான்கு கேள்விகள் தேறின.

வயது: 35க்குள் என்றால் 0; 35 முதல் 49 வரை 20; 50க்கு மேல் 30.

இடுப்புச் சுற்றளவு: பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள், ஆண்களுக்கு 90க்குள் என்றால் 0, பெண்களுக்கு 80 முதல் 89, ஆண்களுக்கு 90 முதல் 99 வரை 10, அதற்கு மேல் 20.

உடலுழைப்பு: முறையான உடற்பயிற்சியும் கடின வேலையும் இரண்டும் இருந்தால் 0; ஏதாவது ஒன்று இருந்தால் 20; இரண்டும் இல்லையென்றால் 30.

பெற்றோர்: இருவருக்கும் நீரிழிவு இல்லையென்றால் 0; ஒருவருக்கு இருந்தால் 10; இருவருக்கும் இருந்தால் 20.

மொத்தம் 60 அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்து அதிகம்; இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 45 வயதில் செம்பனைக் குலை வெட்டிய அப்பா. இடுப்பு 86 சென்டிமீட்டர், பெற்றோருக்கு நோயில்லை. அவர் மதிப்பெண் 40. பிற்காலத்தில் அவருக்கு இனிப்பு நீர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மகன் பட்டணத்தில் பாதுகாவலர் வேலை பார்க்கிறார்; பெரும்பாலும் நாற்காலி. அதே 45 வயதில் இடுப்பு 97 சென்டிமீட்டர், உடற்பயிற்சி இல்லை. அவர் மதிப்பெண் 70. இரத்தம் ஒன்றுதான். பெற்றோர் கேள்வியால் கூடியது 10 புள்ளிகள். வேலையும் இடுப்பும் மாறியதால் கூடியது 20.

100 புள்ளிகளில் வயதையும் பெற்றோரையும் யாராலும் மாற்ற முடியாது. அவை இரண்டும் சேர்ந்து 50. மாற்றக்கூடிய இடுப்பும் உழைப்பும் சேர்ந்து மீதி 50. "இரத்தத்திலேயே இருக்கு" என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கு சொல்லும் பதில் அதுதான்: இரத்தத்துக்கும் பங்கு உண்டு, ஆனால் கதை அத்துடன் முடியவில்லை.

இந்த மதிப்பெண்ணின் எல்லையையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. நோய் இருந்தும் அறியாத 100 பேரில் ஏறத்தாழ 73 பேரை இது பிடிக்கும். 27 பேரைத் தவறவிடும். நோயில்லாத 100 பேரில் 40 பேரை வீணாகப் பயமுறுத்தும். 1,000 பேர் உள்ள ஊரில் 100 பேருக்கு அறியாத நோய் இருந்தால், 73 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாத 360 பேரும் 60க்கு மேல் வாங்குவார்கள். அதாவது அதிக மதிப்பெண் வாங்கிய ஆறு பேரில் ஒருவருக்குத்தான் உண்மையில் நோய். எனவே இது தீர்ப்பல்ல. யார் முதலில் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று காட்டும் கைகாட்டி. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளையும் இதே அளவுகோலால்தான் அளக்க வேண்டும்: எத்தனை பேரைப் பிடிக்கிறது, எத்தனை பேரைத் தவறவிடுகிறது, எத்தனை பேரை வீணாக அலைக்கழிக்கிறது?

எண்ணப்படாதவர்கள்

கணினிக்குத் தானாக எதுவும் தெரியாது. யாருடைய விவரங்களைக் கொடுத்தோமோ அவர்களைப் பற்றித்தான் அது கற்கும். உலகில் நடந்த மரபணுத் தொடர்பு ஆய்வுகளில் பங்கேற்றோரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்று 2019இல் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். அந்தக் கணக்கில் உருவான மதிப்பெண்கள் மற்ற மக்களிடம் அதே துல்லியத்தோடு வேலை செய்வதில்லை.

அதே 2019இல் 'சயின்ஸ்' இதழில் வந்த இன்னோர் ஆய்வு கவலை தருவது. அமெரிக்காவில் யாருக்குக் கூடுதல் மருத்துவக் கவனிப்பு தேவை என்று முடிவுசெய்ய ஒரு கணினி நிரல் பயன்பட்டது. நோயின் கடுமையை நேரடியாக அளக்காமல், ஒருவருக்கு ஆகும் மருத்துவச் செலவை அது அளவாகக் கொண்டது. கறுப்பினத்தவர்களுக்கு அதே நோய்க்குக் குறைவாகவே செலவிடப்பட்டு வந்ததால், அவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்று நிரல் தவறாகக் கணித்தது. நிரலை எழுதியவர்களுக்குத் தீய எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. தவறான ஒன்றை எண்ணினார்கள், அவ்வளவுதான்.

இது தோட்டப்புற மக்களுக்கும் பொருந்தும் எச்சரிக்கை. மருத்துவமனை தூரம், பஸ் இல்லை, ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்று கிளினிக்குக்கே போகாதவரின் பெயரில் எந்தப் பதிவும் இராது. பதிவேட்டை மட்டும் பார்க்கும் கணினிக்கு அவர் நோயற்றவர்.

மலேசியாவில் இதைச் சரிசெய்யும் முயற்சிகள் உள்ளன. மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் நடத்தும் 'மலேசியன் கோஹோர்ட்' ஆய்வில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என 106,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்திருக்கிறார்கள். சுகாதார அமைச்சின் தேசிய சுகாதார ஆய்வு, குருட்டாம்போக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வீடுகளைத் தேடி வருகிறது. தேர்வான ஒரு வீடு கதவைத் திறக்காவிட்டால், அந்த வீட்டைப் போன்ற பல வீடுகளின் நிலையும் கணக்கில் குறைந்துவிடும். வருபவரின் அடையாள அட்டையைச் சரிபார்ப்பதும், விவரங்கள் எதற்காக, எங்கே பாதுகாக்கப்படும் என்று கேட்பதும் ஒவ்வொருவரின் உரிமை. அதன் பிறகு பதில் சொல்வதால் பயன் சமூகத்துக்குத்தான்.

எண்ணைப் பார்த்ததும் கேட்க வேண்டியவை

மருத்துவச் செய்தி எதுவாயினும் நான்கு கேள்விகள் போதும். யாரோடு யாரை ஒப்பிட்டார்கள்? எத்தனை பேரிடம், எவ்வளவு காலம்? ஆபத்து எதிலிருந்து எதற்குக் கூடியது? நம்மைப் போன்றவர்கள் அந்தக் கணக்கில் இருந்தார்களா? இவற்றுக்குப் பதில் இல்லாத "ஆய்வு சொல்கிறது" என்ற தகவலை அடுத்தவருக்கு அனுப்பாமல் விட்டாலே பெரிய உதவி.

மேலே சொன்ன மதிப்பெண்ணில் 60ஐத் தொட்டவர்கள் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளலாம். அங்கு குடிமக்களுக்கான வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட்தான். அரசாங்க உதவித்தொகை பெறும் குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த 40 வயதுக்கு மேற்பட்டவர்கள், 'பெக்கா பி40' திட்டத்தின் கீழ் இலவசமாகவே உடல்நலப் பரிசோதனை செய்துகொள்ள முடியும். தையல் நாடா ஒன்றை எடுத்து இடுப்பை அளந்து பார்க்க அதுகூடத் தேவையில்லை.